சைலன்சருக்குச் சந்தனம்

மிசின ஓட்டற அமுக்குன காத்து, வேலைய முடிச்சு அத விட்டு வெளிய போறப்பத்தானுங்க கத்தும். அந்தக் கத்தல அடக்கற சைலன்சர விக்கறதுதான் காந்திபுரத்துல எங்க கடைப் பொழப்பு. மிசினுக்குப் பக்கத்துல குடியிருந்து காது நொந்தவங்களுக்கு நாஞ் சொல்லோணுமுங்களா?

சுண்டுவிரல்

அன்னூர்ல மசாலாப் பாக்கெட் போடற பழனிச்சாமி வந்தாரு. பாக்கெட்டுக்கு ஒருக்கா மிசின் புஸ்ஸுங்குமாம். பக்கத்தூட்டு டீச்சரம்மா மக பன்னெண்டாவது படிக்குது. ஆயுத பூசை முடிஞ்சு மிசின் ஓட்டறப்பவும் சத்தம் கேட்டா, பஞ்சாயத்துல மனுக் குடுத்து ஷெட்டையே மூடிப்போடுவேன்னு அவங்க சொல்லீட்டாங்களாம். காத்து வர்ற ஓட்டை என்ன சைசுங்கன்னு கேட்டேன். சுண்டுவிரல நீட்டி, "இது நகம் வரைக்கும் போகுதுங்கம்மா"ன்னாரு.

பொடிசு

அத நம்பி ஒரு பொடிச் சைலன்சர எடுத்துக் குடுத்தது என்ற தப்புங்க. அன்னைக்குப் பாத்து மருமக அரிசிம்பருப்புச் சாதத்துல உப்புப் போட மறந்துபோட்டா. மறந்தவளே ஊறுகாயத் தொட்டுட்டு, நல்லாருக்குன்னு வேற சாப்புடறா. என்ற நெனப்பெல்லாம் அதுலயே இருந்துருச்சு. அத வுடுங்க. திருகி மாட்டற மரை சரியாப் பொருந்தீருச்சு, காத்து வெளிய போகத்தான் எடம் பத்தல. சத்தம் கொறஞ்சுது, கூடவே மிசின் வேகமும் கொறஞ்சுபோச்சு. மறுநாளே வந்து நின்னாரு: "மிசின் எங்க பெரியப்பா நடக்கறாப்புல நடக்குதுங்கம்மா."

பூசை

அதே மரையில, உடம்பு பெருசான வெண்கலச் சைலன்சர் குடுத்தேன். மேல பூரா பொடிப்பொடி ஓட்டை. காத்து அது வழியா மெதுவாப் போயிரும். நல்லாத்தான் ஓடுச்சு. பூசை முடிஞ்ச மறுநாள் போன் வருது: மிசின் மறுபடியும் நொண்டுதாம், சைலன்சரக் கழட்டுனாச் சத்தமாம், டீச்சரம்மா வாசல்ல பேப்பரும் பேனாவுமா உக்காந்திருக்காங்களாம். பூசையில என்னங்க பண்ணுனீங்கன்னேன். சைலன்சர் மேல சந்தனத்த வழிய வழியப் பூசியிருக்கறாரு மனுசன். அத்தன ஓட்டையும் அடைச்சுப்போச்சு. சுடுதண்ணில ஊறவெச்சு, பிரஷ்ல தேச்சு, காத்தடிச்சுக் காயவெச்சு மாட்டுங்கன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. அப்பறம், "குங்குமமாச்சும் இருக்கட்டுங்களா?"

டீச்சரம்மா

நாலு நாள் கழிச்சு டீச்சரம்மாவே கடைக்கு வந்துட்டாங்க. மனுவோட நகலக் காட்ட வந்திருக்காங்கன்னு நெனச்சேன். டீ வாங்கிக் குடுத்தேன். சக்கரை வேண்டாம்னுட்டாங்க, அவங்களுக்கும் அவங்க அம்மாவுக்கும் சுகராம். குடிச்சு முடிச்சு மெதுவாச் சொன்னாங்க: "மிசின் சத்தமே இல்லீங்க, பாப்பா நல்லாப் படிக்குதுங்க, மனுவக் கிழிச்சுப்போட்டேன். ஆனா இப்ப பழனிச்சாமி போன்ல பேசறது மொத்தமும் எங்கூட்டுக்குக் கேக்குது. அதுக்கு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

காத்துக்கு எந்த சைசு வேணுமின்னாலும் எடுத்துத் தாரேனுங்க, மனுசன் வாயிக்குத்தான் இன்னும் ஒருத்தரும் மரை போடல.