தவளை ஜோக்கும் கலாச்சாரக் கமிட்டியும்

இந்த மாத ஆரம்பத்தில் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து, கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ்ச் சபையின் பின்பக்க அறையில், நாங்கள் நான்கு பேர் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பார்த்தது ஒரு ஸ்டாண்ட்-அப் காமெடி வீடியோ. யாரும் சிரிக்கக் கூடாது என்பது நிபந்தனை!

காமெடியைச் சிரிக்காமல் பார்த்திருக்கிறீர்களா? துக்க வீட்டில் சிரிப்பை அடக்குவது இதைவிடச் சுலபம்.

நாங்கள் நால்வரும் சேர்ந்ததுதான் சபையின் கலாச்சாரக் கமிட்டி. இன்றைய கலாச்சாரத்தை ஒரு கிறிஸ்தவன் எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்று எங்கள் பாஸ்டர் சில வாரங்கள் தொடர்ந்து பிரசங்கம் செய்தார். நல்ல பிரசங்கம்தான். அதைக் கேட்ட சூட்டோடு எங்கள் ஆட்கள் செய்த ஒரே காரியம்... கமிட்டி போட்டது. மழை பெய்தாலும் கமிட்டி, பெய்யாவிட்டாலும் கமிட்டி — நம்மவர்களை யார் மாற்ற முடியும்?

பாஸ்டர் தலைவர். செயலாளர் சாமுவேல் அண்ணாச்சி — இங்கே கொச்சி பிராட்வேயில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை வைத்திருப்பவர். அவர் மனைவி ரூபி அக்கா. பிறகு நான். என்னை ஏன் சேர்த்தார்கள்?

"பேப்பர்ல எழுதுறீங்கல்லா எஸ்தரம்மா... லோகத்துல நடக்குறதெல்லாம் உங்களுக்குத்தான தெரியும்" என்றார் அண்ணாச்சி.

வாராவாரம் இந்தப் பக்கத்தை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும், எனக்கு என்ன தெரியும் என்று!

வீடியோவில் இருந்தவன் ஜெரின். எங்கள் சபைப் பையன். அப்பா காலத்தில் நாகர்கோவில் பக்கமிருந்து வந்து சுள்ளிக்கல்லில் தங்கிவிட்ட குடும்பம். ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் வேலை. ஞாயிறு காலையில் சண்டே ஸ்கூல் வாத்தியார். சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு கஃபேயில் மைக் பிடித்து மலையாளத்தில் ஜோக் சொல்லுவான். அந்த வீடியோ எப்படியோ பரவி, ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் சபை வாட்ஸ்அப் குழுவிலும் வந்து விழுந்துவிட்டது.

முதல் ஜோக், சபையில் நீளமாக ஜெபம் செய்கிற ஒரு அங்கிளைப் பற்றி. 'அங்கிள் கண்ணை மூடும்போது கலூர் ஸ்டாண்டில் பஸ் ஏறினவன் ஆலப்புழா போய் இறங்கி, சாயா குடித்துவிட்டுத் திரும்பி வருவான். அங்கிள் இன்னும் உலகத்தை உண்டாக்கினவரே என்பதிலேயே நின்றுகொண்டிருப்பார்.' கஃபே அதிர்ந்தது. எனக்கும் உதடு துடித்தது. அந்த அங்கிள் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

அண்ணாச்சியின் முகம் கறுத்துவிட்டது. "ஜெபத்தைக் கேலி பண்ணுதான் பாருங்க பாஸ்டர். இது என்னைய பத்தியில்ல... தேவனைப் பத்தி."

அவரைப் பற்றித்தான். ஆனால் அதை யார் சொல்வது?

அடுத்த ஜோக் ஓட ஆரம்பித்தது. ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற ஒரு தமிழ் அம்மாள். வெளிநாட்டு விருந்தாளி 'டவல்' கேட்கிறார். அம்மாள் காதில் அது 'தவளை' என்று விழுகிறது. மலையாளத்திலும் தவளைக்குத் 'தவள' என்பதால் இரண்டு பாஷைக்காரருக்கும் ஜோக் புரிந்துவிடும். "தவளையா! எங்க சார்?" என்று கத்தியபடி விளக்குமாற்றோடு கட்டிலுக்கு அடியில் நுழைகிறாள். ஜெரின் அவளைப் போலவே இடுப்பைச் சாய்த்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, வாத்து மாதிரி மேடை முழுக்க நடந்தான்.

ரூபி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். பாஸ்டர் இருமுவது போல் சிரித்தார். அண்ணாச்சிக்கோ கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அண்ணாச்சி, இது நம்ம ஞானப்பூ இல்லையா?" என்றேன்.

"பின்னே! அப்படியே அவளாக்கும். நடை கூட மாறலியே!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்ததும் முகம் மறுபடி கறுத்தது. "சரி... ஜெபத்தைப் பத்திச் சொன்னதுக்கு என்ன நடவடிக்கை எடுக்கப் போறோம்?"

அந்த ஜெபத்தைப் பற்றி, இரண்டு சுற்று சாயாவும் ஒரு தட்டு பழம்பொரியும் தீரும்வரை பேசினார்கள். அவனை சண்டே ஸ்கூலிலிருந்து நிறுத்தி வைக்க வேண்டும், மன்னிப்புக் கடிதம் வாங்க வேண்டும்... "ஞானப்பூ இன்னைக்கு சர்ச்சுக்கு வரலையே, கவனிச்சீங்களா?" என்று இடையில் கேட்டேன். ஒருவரும் கவனித்திருக்கவில்லை.

ஞானப்பூவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சாது கிடையாது. ஆராதனையில் அவள் வழக்கமாக உட்காரும் ஃபேனுக்குக் கீழே யாராவது உட்கார்ந்துவிட்டால் அன்று பிரசங்கத்தைவிட அவள் முணுமுணுப்பு சத்தமாகக் கேட்கும். சாத்தான்குளம் பக்கத்துப் பெண். ஜெரின் வேலை பார்க்கும் அதே ஹோட்டலில், முட்டுவலியோடு அறை சுத்தம் செய்கிறவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அவளோடு சண்டை போடாதவர் எங்கள் சபையில் பாஸ்டர் ஒருவர்தான். அவர் வந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது.

மறுநாள் போனேன். பஜார் கிடங்குகளுக்குப் பின்னால் சுக்கு வாசனை அடிக்கிற ஒரு சந்தில், ஒற்றை அறை வீடு. வேலைக்குப் போகாமல் படுத்திருந்தாள்.

"காய்ச்சலா?"

"ஒண்ணுமில்லக்கா." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டவள், சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "லிஃப்டுக்குள்ள நின்னா ஒரு பய 'பேக்ரோம்'ங்கான். லாண்டிரிக்குப் போனா அங்க ஒருத்தன் 'பேக்ரோம்'ங்கான். முந்தாநாளு ரூம் கதவைத் தட்டுதேன், பின்னால நின்னு 'பேக்ரோம், பேக்ரோம்'... தவளச் சத்தமாம்! சூப்பர்வைசர் பொம்பள சிரிச்சிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிடுதா."

"சரி, ஹோட்டல்ல அப்படி. சர்ச்சுக்கு ஏன் வரல?"

போனை என் மடியில் போட்டாள். எங்கள் பெண்கள் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழு. யாரோ அந்தத் தவளைத் துண்டை மட்டும் தனியாக வெட்டிப் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். ஒவ்வொரு பொம்மைக்கும் பெயர் இருந்தது. ரூபி அக்கா பெயரும் இருந்தது. அந்தக் குழுவில் ஞானப்பூவும் இருக்கிறாள் என்பது ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லையா? அல்லது... ஞாபகம் இருந்தும்தானா?

"இவளுவ பக்கத்துல நின்னு நான் எப்படிக்கா பாட்டுப் படிக்க?"

போனை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

ஜெரினைக் கூப்பிட்டேன். வந்தான். என்னைத் தன் கட்சி என்று நினைத்துக்கொண்டு வந்தான் — எழுதுகிற ஆள், கலைக்கு ஆதரவாகத்தான் பேசுவார் என்று.

"ஆன்ட்டி, நீங்களாவது மனசிலாக்குங்க. கமிட்டி என்னை கேன்சல் செய்யுது. ஆர்ட்டுக்கு ஃப்ரீடம் வேண்டாமா? காமெடியில ஒரு ரூல் உண்டு, ஆன்ட்டி. நம்மளவிட மேல இருக்கிறவனைத்தான் அடிக்கணும். செகரட்டரி அங்கிள் மேல இருக்கிறாரு. அடிச்சேன்."

"ரொம்ப சரி. அங்கே எனக்கும் சிரிப்பு வந்துச்சு. ஞானப்பூ உனக்கு எத்தனை மாடி மேலே இருக்கா மோனே?"

 "அது... ஒரு கேரக்டர் ஆன்ட்டி."

"கேரக்டருக்கு முட்டுவலி எப்படி வந்துச்சு?"

எனக்கு யார் மேல் அதிக எரிச்சல் என்று எனக்கே தெரியவில்லை. ஜெபத்தைக் கிண்டலடித்தால் வானம் இடிந்துவிடும் என்று நினைக்கிற கமிட்டி மேலா? சர்ச்சைக் கிண்டலடித்துவிட்டால் பெரிய தைரியசாலி என்று கை தட்டுகிற கஃபே மேலா? இரண்டு கூட்டத்துக்கும் ஒத்துப்போன இடம் ஒன்றே ஒன்றுதான் — முட்டுவலிக்காரி நடக்கிற நடை!

நானே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஞானப்பூ வாசலிலேயே நிறுத்தினாள்.

"நில்லுலே அங்ஙனயே." உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்து வந்து அவன் கையில் திணித்தாள். "நட. என்னைய மாதிரி நடந்து காட்டு."

"அக்கா... சாரி அக்கா."

"சாரி யாரு கேட்டா? அங்க அம்புட்டு பேரு முன்னால நடந்தேல்லா? நான் நேர்ல பாக்கலல்லா? எனக்கும் காட்டு."

பக்கத்து வீட்டுச் சேட்டன் எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். ஜெரினுக்கு ஆள் கூட்டம் புதிதா? ஆனால் கால் எழவில்லை. விளக்குமாற்றைப் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றான். காது மடல் சிவந்துவிட்டது.

"வரலியா? அங்க மட்டும் எப்படி வந்துச்சு?" அவள் நெருங்கி வந்தாள். "இன்னொண்ணு சொல்லு. அந்தத் தவளக் கதை எப்பம்லே நடந்துச்சு?"

"நடக்கல. நான்... நான் உண்டாக்கினது."

"தெனமும் டவல் மடிக்கிறவளுக்கு டவல் தெரியாதாலே?"

அங்கேதான் அவள் குரல் உடைந்தது. நடையைக் கேலி செய்ததற்குக் கோபப்பட்டவள், தன்னை வேலை தெரியாதவளாக ஆக்கியதற்கு அழுதாள். மேடையில் அதை ரசித்த யாருக்கும் இது தோன்றியிருக்காது. எழுதியவனுக்கே தோன்றவில்லையே! அவனும் அழுதான். ஞானப்பூ அதற்கெல்லாம் அசையவில்லை.

"எங்கிட்ட அழுதா பேக்ரோம் நிக்குமாலே? அங்க போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னான். ஹோட்டல் ஊழியர்கள் எல்லாரும் சாப்பிடுகிற நேரத்தில் எழுந்து நின்று, அந்தக் கதை பொய், நான் கட்டியது, அந்த அக்காவை இனி அப்படிக் கூப்பிடாதீர்கள் என்றிருக்கிறான். உடனே மூலையிலிருந்து ஒரு 'பேக்ரோம்' வந்ததாம். எல்லாரும் சிரித்தார்களாம். "முதல் தடவையா என்னால ஒரு சிரிப்பைத் தாங்க முடியல ஆன்ட்டி" என்றான். வீடியோவையும் எடுத்துவிட்டான். அவனுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த ஒரே வீடியோ அதுதான். கஃபேக்காரர்களுக்கு வருத்தம். ஞானப்பூ வேலைக்குத் திரும்பினாள். சத்தம் குறைந்திருக்கிறது. அடங்காத ஒருத்தன் மேல் ஈர மாப் பறந்ததாகவும், அதன் பிறகு இன்னும் குறைந்ததாகவும் கேள்வி.

இனி, கமிட்டியின் இரண்டாம் கூட்டம்.

ஜெரின் மன்னிப்புக் கடிதத்தோடு வந்திருந்தான் — ஜெபத்தைக் கேலி செய்ததற்காக. மலையாளப் பள்ளியில் படித்த பையன். தமிழில்தான் எழுத வேண்டும் என்று அண்ணாச்சி கட்டளை. அவன் 'மண்ணிப்பு' என்று எழுதிவிட்டான். மூன்று சுழி ண-வா, இரண்டு சுழி ன-வா என்று பாஸ்டரும் அண்ணாச்சியும் விவாதித்துத் திருத்தினார்கள். திருத்தி, மறுபடி எழுத வைத்து, அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டு வாசித்து, தலையாட்டினார். விஷயம் முடிந்தது. சண்டே ஸ்கூல் அவனுக்கே.

நான் எழுந்தேன். "ஞானப்பூவுக்கு நடந்ததைப் பத்தி ஒண்ணும் பேசலையே?"

"அது ஓட்டல் விஷயம்லா எஸ்தரம்மா" என்றார் அண்ணாச்சி, நிஜமாகவே குழம்பிப்போய். "சபை விஷயம் இல்லியே."

நான் என் போனை நீட்டினேன். சிரிப்பு பொம்மைகள், வரிசையாக. "இது எந்த ஓட்டல் அண்ணாச்சி?"

அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, "பொம்பளைங்க க்ரூப்பு... அவங்க சும்மா ஒரு தமாஷுக்கு..." என்று இழுத்தார். பாஸ்டர் தன் வேதப்புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.  ரூபி அக்கா தன் போனை எடுத்து எதையோ அழுத்திப் பார்த்தார். "இப்ப அழிக்க முடியுமா?" என்று மெதுவாகக் கேட்டார். அழிக்கலாம். பார்த்தவள் பார்த்ததை எதைக் கொண்டு அழிப்பது?

சனிக்கிழமை ரூபி அக்கா தனியாக அந்தச் சந்துக்குப் போயிருக்கிறார், ஒரு பை நிறைய கப்பைக்கிழங்கோடு. ஞானப்பூ கதவைத் திறந்தாளாம். ரூபி அக்கா திக்கித் திணறிச் சொன்னதையெல்லாம் கேட்டாளாம். கப்பைப் பையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாளாம்!

"ஒரு வார்த்தை பேசல பாத்துக்கோ எஸ்தர்" என்று என்னிடம் வந்து புலம்பினார்.

"பையைத் திருப்பித் தரலல்ல? அப்ப நல்லதுதான்" என்றேன்.

நேற்றைய ஆராதனைக்கும் ஞானப்பூ வரவில்லை. வருவாள் என்றுதான் நினைக்கிறேன். வராவிட்டாலும் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

சினிமா ஆகாது, பச்சை குத்துவது ஆகாது, காமெடி ஆகாது என்று கலாச்சாரத்துக்கு எதிராக வாசலில் காவல் நிற்கிறோம். சரி, நில்லுங்கள். ஆனால் உள்ளே வரும் எதையும் பார்த்து நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இது நம்மைக் கேலி செய்கிறதா?' என்பதா? 'இங்கே யாரை மிதித்து இந்தச் சிரிப்பு எழுகிறது?' என்பதல்லவா? உலகம் நம்மைப் பார்த்துச் சிரித்தபோது புண்பட்டுவிட்டோம். நம்மில் எளியவளைப் பார்த்துச் சிரித்தபோது, உலகத்தோடு சேர்ந்து சிரித்தோம். அந்த நேரத்தில் உலகத்துக்கும் நமக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை... கமிட்டியைத் தவிர!

தேவனுடைய மானத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களை அவர் சிலுவையில் தொங்கியபடியே மன்னித்தார் — எழுத்துப்பிழை பார்க்காமல்.