வடக்கே போன வாசல்

ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலை ஒரே வாரத்தில் தெற்கிலிருந்து வடக்குக்கு மாற்றியவள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. அதற்கு இதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை. சாம்பார் கொதிப்பதற்குள் மூன்று முறை மூடியைத் திறந்து பார்ப்பேன். பஸ் வரத் தாமதமானால் நிற்கமாட்டேன், அடுத்த நிறுத்தத்துக்கு நடப்பேன். இரண்டு நிறுத்தத்துக்கும் நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது பஸ் என்னைத் தாண்டிப் போகும். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கே வேலை பார்த்த என் கணவர், "உனக்குக் கால்ல சக்கரம்" என்பார். சொல்லிவிட்டுச் செய்தித்தாளை மடிக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வார். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. உள்ளாட்சித் தேர்தல் முடிந்து, பல வருடம் கழித்து நகராட்சிக்கும் ஊராட்சிகளுக்கும் தலைவர்கள் வந்திருந்தார்கள். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு நான் தலைமை ஆசிரியை. பிள்ளைகளுக்குப் 'பெரிய டீச்சர்'. எந்த நகராட்சி என்று சொல்லப்போவதில்லை, அந்த ஆட்களில் பலர் நல்லவர்கள்.

பள்ளிக்கு முன்னால் ஒரு மழைநீர்க் கால்வாய். அதுதான் எல்லை. இந்தப் பக்கம் நகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி. எங்கள் வாசல் தெற்கே, கால்வாயைப் பார்த்து இருந்தது. அக்கரைப் பிள்ளைகள் ஐம்பது அறுபது பேர், குறுக்கே போட்டிருந்த இரண்டு பழைய சிமெண்ட் மின்கம்பங்கள்மேல் நடந்து வருவார்கள். கோடையில் அது விளையாட்டு. ஐப்பசி வந்துவிட்டால், காலை முதல் மணி அடிக்கும்வரை நான் வாசலில்தான் நிற்பேன். ஒவ்வொரு தலையாக எண்ணி உள்ளே விட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

அக்கரையில், வாசலுக்கு நேர் எதிரே, ஒரு தையல்காரர் கடை. மிஷினைத் தெருவைப் பார்த்துப் போட்டிருப்பார். அவருடைய மூத்த பெண் எங்களிடம் படித்தாள். ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்த அன்றே அவர் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ரோட்டு மேல லாரியா போவுது டீச்சர். அவ அம்மாவும் இல்ல. இங்க குந்திகினு பாத்தா ஒங்க கேட்டு தெரியுது. அவ உள்ள போறதும் தெரியுது, வெளிய வர்றதும் தெரியுது. அது போதும் எனக்கு."

அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்தாள். பரீட்சையில் சுமார்தான். ஆனால் கை சும்மா இருக்காது, அதில் என்னை மாதிரி. கிழிந்து தொங்கிய இந்தியா தேசப்படத்தை, யாரும் சொல்லாமலே, பின்பக்கம் துணி கொடுத்துத் தைத்துக் கொண்டுவந்தாள். தையலில் கடற்கரை கொஞ்சம் மறைந்துபோயிருந்தது. அதை மறுபடி வரைகிறேன் என்று உட்கார்ந்து, மைப்புட்டியைத் தன் பாவாடைமேலேயே கவிழ்த்துக்கொண்டாள். நீலப் பாவாடையில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கறை. "புதுப் பாவாடைடி, கண்ணு எங்க இருந்தது?" என்று திட்டினேன். "கன்யாகுமரில டீச்சர்" என்றாள். சிரிப்பை அடக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புதிய நகராட்சித் தலைவருக்கு ஒரு யோசனை. வார்டு உறுப்பினர்களும் பள்ளித் தலைமை ஆசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து, ஊருக்கு எது முதலில் வேண்டும் என்று பட்டியல் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட்டம். நல்ல யோசனைதான். முதல் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். முதல் தேவை, இரண்டாம் தேவை, மூன்றாம் தேவை என்று எழுத வேண்டும். மற்றவர்கள் பேனா மூடியைக் கடித்து யோசித்துக்கொண்டிருந்தபோது நான் எழுதி முடித்துவிட்டேன். ஒன்று, கால்வாய்மேல் பாலம். இரண்டு, குடிதண்ணீர்க் குழாய். மூன்று, தெருவிளக்கு.

நகராட்சிப் பொறியாளர் மேசைமேல் வரைபடத்தை விரித்து, நாலு மூலையிலும் டீ டம்ளர்களை வைத்தார். எங்கள் பள்ளி தாளின் ஓரத்தில், டம்ளருக்கு அடியில் இருந்தது. டம்ளரை நகர்த்திக் காட்டினேன். கால்வாய்க்கு அந்தப் பக்கம் கோடு இல்லை, எழுத்து இல்லை, வெறும் வெள்ளைத் தாள்.

"அங்க யாரும் இல்லையா சார்?" என்றேன்.

"இருப்பாங்க மேடம். ஆனா நமக்கு இல்ல" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. பாலத்தின் பாதி ஊராட்சியில் விழுகிறது, அவர்கள் எழுதிக் கேட்க வேண்டும் என்பது அவர் வாதம்.

நான் விடவில்லை. பக்கத்து ஊராட்சித் தலைவரையும் கூப்பிடுங்கள் என்று சண்டை போட்டு, ஒரு மாதத்துக்குள் எங்கள் பள்ளிக்காகவே ஒரு தனிக் கூட்டம் போடவைத்தேன். அவர் வந்தார். தோளில் துண்டு, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி. நான் கால்மணி நேரம் பேசினேன். மழையில் கம்பம் வழுக்குவதை எழுந்து நின்று நடித்தே காட்டினேன். அவர் என் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பாக்கலாம்மா" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? இருபது வருடமாக எத்தனை ஆபீஸில் கேட்டிருக்கிறேன்!

கூட்டம் கலைந்தபின் பொறியாளர் படியில் என்னைப் பிடித்து ஆறுதலாகச் சொன்னார்: "மேடம், உங்க வாசல் வடக்கே எங்க தெருவப் பாத்து இருந்தா, குழாய், விளக்கு ரெண்டையும் இந்த வருஷத் திட்டத்துலயே சேத்துடுவேன். வாசல் எந்தத் தெருவுல இருக்கோ, அந்தத் தெரு அட்ரஸ்தான் ஃபைல்ல ஏறும்."

அவர் சொன்னது ஒரு தகவல். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதே மனத்துக்குள் வடக்குச் சுவரை இடித்துவிட்டேன்.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் ஒரு கொத்தனார் இருந்தார். எங்களிடம் இருந்தது ஒரே ஓர் இரும்பு கேட்டு. வடக்குச் சுவரை உடைத்து அதை அங்கே மாட்ட வேண்டும். உடைத்த செங்கல்லை வைத்துத் தெற்கு வாசலை அடைக்க வேண்டும். கொத்தனார் தலையைச் சொறிந்தார். "அந்தாண்ட பசங்க இன்னா பண்ணுவாங்கோ, பெரிய டீச்சர்?" என்று கேட்டார்.

"மெயின் ரோடு வழியா சுத்தி வரட்டும். பத்து நிமிஷம்" என்றேன். கம்பத்துமேல் யாரும் நடக்க வேண்டாம், அதுவே ஒரு நிம்மதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கரையில் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பேசுவார்கள், பேசினால் நாள் ஓடும்.

அடுத்த சனிக்கிழமைக்குள் வேலை முடிந்தது. பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. திங்கட்கிழமை, அக்கரைப் பையன்கள் வழக்கம்போலக் கம்பத்தில் ஓடிவந்து சுவரேறிக் குதித்தார்கள். பெண்கள் சுற்றி வந்தார்கள். எல்லாரும் வரவில்லை, தையல்காரர் பெண்ணைக் காணவே இல்லை என்பது எனக்கு இரண்டு வாரம் கழித்து, வருகைப் பதிவேட்டைப் புரட்டும்போதுதான் உறைத்தது. பாலம் வேண்டும் என்று நடித்துக் காட்டியவளுக்கு, எதிர்க்கரையை எட்டிப் பார்க்க அந்தச் சுவரில் ஓர் இடுக்குகூட மிச்சமில்லாமல் போயிருந்தது.

அன்று சாயங்காலமே கம்பத்துமேல் நடந்து அக்கரைக்குப் போனேன். தையல்காரர் மிஷினை நிறுத்தினார். பக்கத்தில் இன்னொரு மிஷின் புதிதாக வந்திருந்தது. அதில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா டீச்சர், கேட்டத் தூக்கினு போய்ட்டீங்களே" என்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இந்த ரோட்டுல போன மாசம்கூட ஒரு பையன் மேல லாரி ஏத்திட்டான். நா இங்க குந்திகினு செவுத்தப் பாத்துகினு இருக்கவா? கண்ணுக்குத் தெரியிற வரிக்கும்தான் டீச்சர் எனக்குத் தகிரியம்."

"நானே செவுத்த இடிச்சுத் தர்றேன்" என்றேன்.

"எப்போ?"

நாளைக்கே என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. குழாய்க்கான ஆணை இன்னும் வரவில்லை. தெற்குச் சுவரில் மறுபடி ஓட்டை போட்டால் ஃபைல் திரும்பிவிடும் என்ற பயம். நானூறு பிள்ளைகளுக்குத் தண்ணீர், இந்தப் பக்கம் ஒரு பெண் என்று அங்கேயே நின்று தராசு பிடித்தேன். "ஒரு மாசம் பொறுத்துக்குங்க" என்றேன். வாழ்க்கையில் எதற்கும் பொறுக்காதவள், அன்று ஒருத்தரைப் பொறுக்கச் சொன்னேன். அவள் மிஷினைவிட்டு எழுந்துவந்து, "தேசப்படம் நல்லாகீதா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு மாதம் நாலு மாதம் ஆனது. மழை வந்தது, பள்ளம் தோண்ட முடியவில்லை என்றார்கள். நகராட்சி ஆபீஸின் படிகளை எண்ணிச் சொல்லும் அளவுக்கு நடந்தேன். ராத்திரி சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. "சுவரை இடிச்சுத்தான் விடேன்" என்றார் என் கணவர். அவசரமே இல்லாத மனிதர் அவர். அவர் பேச்சை அன்று கேட்டிருக்கலாம்.

தை பிறந்து ஒரு காலை, கால்வாய்ப் பக்கம் ஜல்லி கொட்டும் சத்தம் கேட்டது. நான் பையன்களைப் போலவே பெஞ்சுமேல் ஏறிச் சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். ஊராட்சி ஆட்கள் பாலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'பாக்கலாம்மா' என்றவர், அன்று மடித்துச் சட்டைப்பையில் வைத்த தாளைத் தன் ஊராட்சிப் பட்டியலில் முதல் வேலையாகச் சேர்த்திருக்கிறார். எங்கள் அடுத்த கூட்டத்தில் அதைச் சொல்லவும் வந்திருக்கிறார். அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. குழாய் ஆணைக்காக வேறு ஆபீஸில் நின்றுகொண்டிருந்தேன்.

கைப்பிடியெல்லாம் வைத்த நல்ல பாலம். அக்கரையில் தொடங்கி நேராக வந்து எங்கள் செங்கல் சுவரில் முட்டி நின்றது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. ஊராட்சித் தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். எனக்கு அந்தக் கால்வாயிலேயே இறங்கிவிடலாம் போல இருந்தது.

மறுநாளே சுவரை இடித்தோம். குழாய் வந்ததா, ஃபைல் போனதா என்று நான் பார்க்கவில்லை. முதல் அடியை நானே கடப்பாரையால் போட்டேன், கை இரண்டு நாள் வலித்தது. குழாய் அதுபாட்டுக்கு அடுத்த வாரமே வந்தது. தெற்கு வாசலுக்கு மூங்கில் படல் ஒன்றைக் கட்டினோம். எதிரே தையல்காரர் மிஷினில் இருந்து எழுந்து நின்று பார்த்தார். நான் கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார்.

"பாதி வருஷம் போய்ட்ச்சி. ஜூன்ல பாக்கலாம் டீச்சர்" என்றார், நான் போய்க் கேட்டபோது. இந்த முறை 'பாக்கலாம்' என்ற சொல்லை நம்பினேன். பாலம் போட்டவர் சொன்ன அதே சொல்தானே என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கோடை விடுமுறை போல நீண்ட விடுமுறை எனக்கு அமையவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டில் அவள் பெயரை நீக்காமலே வைத்திருந்தேன்.

பள்ளி திறந்த அன்று ஏழரைக்கே வந்து படலைத் திறந்து நின்றேன். எட்டரைக்கு அவள் பாலத்தில் வந்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பாதிப் பாலம் வரை நானே ஓடினேன். அப்போதுதான் அவள் பின்னால் இருந்த சின்னப் பெண்ணைப் பார்த்தேன்.

"தங்கச்சி டீச்சர். ஆறாவது. அப்பா சேத்துட்டு வரச் சொல்ச்சி. கேட்டுதான் தெரியுதே இப்போ."

"நீ?"

"எனக்குக் கடையில வேல கீது டீச்சர்" என்றாள். எந்த வருத்தமும் காட்டாமல் தங்கையின் காலரைச் சரிசெய்தாள். தைத்த கை, இழுத்துவிடும்போதே தெரிந்தது.

நான் சின்னவளைக் குனிந்து பார்த்தேன். புது மடிப்பு, புதுத் தையல், ஆனால் துணி பழையது. இடுப்பில் நாலு விரல் குறைத்து, நீளத்தில் ஒரு ஜாண் வெட்டியிருந்தார்கள். வெட்டும்போது கறையைத் தவிர்க்க வழியில்லை போலிருக்கிறது. மடித்துத் தைத்த ஓரத்துக்கு மேலே, உள்ளங்கை அகலத்தில் பாதி, அந்த மைக்கறை அப்படியே இருந்தது.

சின்னவளுக்குப் பாவாடை கச்சிதமாக இருந்தது.