யப்பான் கிற்றார்

குருக்கள்மடத் துறையில், அக்கரைக்குப் போகப் பாதைப்படகுக்காகக் காத்திருக்கிறேன். வாவி அசையாமல் ஒளிர்கிறது. பக்கத்தில் உள்ளூர்ப் பறங்கித் தச்சர் ஒருவர் தன் கிற்றாரை மெல்ல மீட்டுகிறார்; ஒலி தண்ணீரின்மேல் அக்கரைவரை போய்த் திரும்பி வருவதுபோல் இருக்கிறது. கிற்றாரின் கழுத்து உச்சியில் ஏதோ யப்பான் கம்பனியின் பெயர். உடம்போ மஞ்சள் பலாப்பலகை. யப்பானில் ஏது பலா?

“அங்கிள், இது நீங்க செஞ்சதுதானே? ஏன் உங்கட பேரப் போடல்ல?”

“ஊர்ச் சாமான் எண்டா, உள்ளுக்குக் குண்டு இருக்கெண்டு ஆமிக்காரனுகள் ஒடைச்சிப் பாக்கானுகள், மனே. ரெண்டு அப்பிடிப் போயிற்று. யப்பான் எண்டாக் கவனமாத் திருப்பித் தாறானுகள்.”

படகு வருகிறது. ஏறுமுன் துறையின் சோதனைச் சாவடியில் சிப்பாய் கிற்றாரைத் தூக்கிக் குலுக்குகிறான். பிறகு என்னைப் பார்த்து, “யப்பான் சாமானா?” என்கிறான்.

இந்த நாதம் எந்தக் கம்பனிக்கும் வாய்க்காது என்று சொல்ல நாக்கு துடிக்கிறது.

“ஓம் சேர், அசல் யப்பான்.”