தம்பி விழுந்ததாகச் சொன்ன பாதை

என் தம்பியின் வலது கையை முறித்தவன் நான். கை தவறிப் பட்டுவிட்டது என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். நான் கொத்தனார். முப்பது வருடமாகச் சம்மட்டி பிடிக்கிறவனுக்கு அடி எங்கே விழும் என்று தெரியும்.

கேரள எல்லைக்குள் இருக்கிற கொல்லயில் ஊரில், கால்வாய்க் கரையோரமாக எங்களுக்கு அடுத்தடுத்து இரண்டு வீடுகள். ஒன்றில் நானும் மனைவியும் மகளும். மற்றதில் தம்பி, தனியாக. அவன் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவன். விடியும்போதே சைக்கிளில் போய் மரங்களைச் சீவி, பாலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பதினொரு மணிவாக்கில் திரும்புவான். நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாள், மனைவியைப் பின்னால் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் பாறசாலைச் சந்தைக்குப் போனவனை ஒரு டிப்பர் லாரி உரசியது. அவன் ஓரமாக விழுந்தான். அவள் சாலைப் பக்கம் விழுந்தாள். பின்சக்கரம் ஏறிப் போயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது அவன் தன் சட்டையைக் கழற்றி அவள் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

அதற்கப்புறம் அவன் சைக்கிளில் ஏறவில்லை. விற்கவும் மனம் வரவில்லை. வாளியைத் தொங்கவிட்டுச் சாலையோரமாக உருட்டிக்கொண்டே நடப்பான். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பின்னால் லாரிச் சத்தம் கேட்டால் சைக்கிளோடு ஓடைக்குள் இறங்கி நின்றுவிடுவான்.

அப்போதுதான் நெய்யாற்றின்கரைப் பக்கம் போட்டிருந்த சைக்கிள் பாதையைக் கால்வாய்க் கரை வழியாக எங்கள் ஊர் வரை நீட்டப் போவதாகச் செய்தி வந்தது. கரை மட்டும் போதாது, இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் கொஞ்சம் நிலம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் வழிக்காக ஆளை வெட்டுவார்கள். ஒரு முழ வழிக்கு அப்பன் தொடங்கிய வழக்கை மகன் நடத்துவான். அப்படிப்பட்டவர்கள் வரிசையில் நின்று சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, தங்கள் மதிலைத் தாங்களே இடித்து நான்கடி உள்ளே தள்ளிக் கட்டினார்கள். அதில் பாதி மதில் நான் கட்டியது. வந்த அதிகாரிகளுக்கு இளநீர் வேறு வெட்டிக் கொடுத்தோம். இந்த ஊர்க்காரர்கள் இவ்வளவு நல்லவர்களா என்று அவர்கள் வியந்திருப்பார்கள்.

நாங்கள் நல்லவர்கள் இல்லை. சைக்கிள் என்பது திட்டத்துக்குப் பணம் வாங்க எழுதுகிற சொல், வழி அகலமானால் கார் வந்துவிடும் என்று நினைத்தோம், அவ்வளவுதான். இங்கே வீட்டு முற்றத்துக்குக் கார் வருமா வராதா என்பதுதான் முதல் கேள்வி. வங்கிக்காரன் கேட்பான், நிலம் வாங்க வருகிறவன் கேட்பான், பெண் பார்க்க வருகிறவனும் கேட்பான்.

என் மகளைப் பார்க்கப் பாலராமபுரத்திலிருந்து வந்தவர்களும் கேட்டார்கள். காரை நெடுஞ்சாலையில் விட்டுவிட்டுச் சேற்றில் நடந்து வந்ததில் மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் செருப்பு அறுந்துபோயிருந்தது. மாப்பிள்ளையின் மாமா முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வண்டி வர வழி இல்லையா என்றார்.

"ஓணத்துக்கு முன்ன உங்க கார் இந்த மாவுக்க மூட்டுல நிக்கும். அதுக்கு நான் பொறுப்பாக்கும்" என்று மாமரத்தடியைக் காட்டிச் சொன்னேன். மகளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. அவர்களும் சரி என்றார்கள்.

பாதை முடிந்த அன்று இரண்டு முனையிலும் இடுப்புயரக் கான்கிரீட் குற்றிகளை வரிசையாக நட்டார்கள். இடையில் சைக்கிள் நுழையும், ஆள் நுழைவான், ஆட்டோகூட நுழையாது. ஊரே வயிறெரிந்து நின்றது. தம்பி மட்டும் சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, நான்கு வருடத்துக்குப் பிறகு ஏறி உட்கார்ந்தான். முதலில் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே போனான். பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மணியடித்துக்கொண்டே போனான். எனக்கு அதைக் கண்டு சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

இரண்டு வாரத்தில் மாப்பிள்ளையின் மாமா போன் செய்தார். குற்றி நட்டிருக்கிறார்களாமே என்று மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதை என் உச்சந்தலையில் ஏறியது. சம்மட்டியை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, எங்கள் பக்கத்து முனைக்குப் போனேன். முதல் குற்றி ஐந்தாவது அடியில் சாய்ந்தது. இரண்டாவதை ஓங்கும்போது தம்பி வேலை முடிந்து வந்தான். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து குற்றியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, இத உடைக்காண்டாம். இது போனா இதுல லாரி கேறும்."

"எலே, தள்ளி மாறு."

"லாரி கேறினா என்ன ஆகும்னு நீயும் கண்டதாக்குமே."

"ஒனக்க பெண்டாட்டி செத்ததுக்கு எனக்க மக கல்யாணம் இல்லாம கிடக்கணுமா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன வாய் மூடுமுன் அவன் குத்து என் வாயில் விழுந்தது. பல் ஆடியது. வாய் நிறைய இரத்தம். அவன் என்னைக் கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து முகத்தில் அறைந்தான். சின்ன வயதிலிருந்து அவன் என்னை அடித்ததே இல்லை. அவனை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தேன். சம்மட்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் வீசினேன். தலைக்குத்தான் வீசினேன். அவன் வலது கையை உயர்த்தித் தடுத்தான். காய்ந்த ஓலைமட்டையை மிதித்து ஒடிக்கிற சத்தம் கேட்டது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, மடங்கக் கூடாத இடத்தில் ஒரு மடிப்பு விழுந்து, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தன் காரைக் கொண்டுவந்தார். நான் சாய்த்த குற்றியின் இடைவெளி வழியாகத்தான் அது உள்ளே வந்தது. எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்த முதல் கார் அதுதான். முற்றத்தில் திருப்பி, இரத்தத்தோடு அவனை ஏற்றிக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எலும்பைப் பார்த்தார், பிறகு வீங்கிய என் உதட்டைப் பார்த்தார். "எந்து பற்றி?" என்ன ஆயிற்று என்று மலையாளத்தில் கேட்டார்.

"சைக்கிள்ல இருந்து விழுந்ததாக்கும், டாக்டரே" என்றான் தம்பி. அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். போலீஸ் வரவில்லை. பார்த்திருந்தவர்களும் வாய் திறக்கவில்லை. என் அண்ணன்தானே என்று விட்டுவிட்டான் என நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கைக்குள் தகடு வைத்துத் தைத்தார்கள். இனிப் பால்வெட்டுக் கத்தி பிடிக்க ஆறு மாதமாகும், பிடித்தாலும் பழைய பிடி இருக்காது என்றார்கள். மகள் இரண்டு வேளையும் அவனுக்குச் சோறு கொண்டுபோய்ப் பிசைந்து ஊட்டினாள். என்னோடு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

சாய்ந்த குற்றியைத் திரும்ப நட்டுவிட்டார்கள். ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? வார்டு மெம்பரை வைத்து ஒரு மனு தயாரித்தார்கள். கால்வாய்க் கரையில் சைக்கிள் ஓட்டுவது ஆபத்து, ஒருவர் விழுந்து கை முறிந்துவிட்டது, ஆகவே இதைச் சைக்கிள் பாதையாக வைக்காமல் எல்லா வண்டியும் போகும் சாலையாக்க வேண்டும் என்று. டாக்டர் சீட்டின் நகலையும் சேர்த்தார்கள். ஒவ்வொருத்தனுக்கும் உண்மை தெரியும். அந்த மனுவில் தம்பியின் கையெழுத்து முதலில் வேண்டும் என்று கேட்டார்கள்.

வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம். அறுபது பேர் இருப்பார்கள். தம்பி கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட கையோடு முன்வரிசையில் இருந்தான். அவன் எழுந்து மறுத்துவிடுவான் என்றுதான் நான் நம்பினேன். அந்தப் பாதை போய்விட்டால் அவன் மறுபடியும் நெடுஞ்சாலை ஓடைக்குள் இறங்கி நிற்க வேண்டியதுதான். மெம்பர் மனுவைப் படித்தார். பேனாவை நீட்டினார். அவன் இடது கையால் வாங்கினான். காகிதத்தின் மேல் குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முதல் எழுத்தைக் கோணலாக எழுதத் தொடங்கினான்.

என்னால் உட்கார முடியவில்லை.

"அவன் சைக்கிள்ல இருந்து விழல்ல" என்று கத்தினேன். "நான் அடிச்சதாக்கும். எனக்க சம்மட்டிப் பிடி வச்சு நான் அடிச்சதாக்கும். மெம்பரே, அந்த மனுக் கடலாசக் கிழிச்சுப் போடுங்க."

மெம்பர் மனுவை மடித்துத் தன் பைக்குள் வைத்தார். அதோடு அந்தப் பேச்சு ஊரில் செத்தது. பாதை பாதையாகவே இருக்கிறது. ஆனால் அன்று தம்பி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தான். கட்டிப்பிடிக்கப் போகிறான் என்று நினைத்த மடையன் நான். இடது கையால் ஓங்கி என் கன்னத்தில் அறைந்தான். முன்பு ஆடிய பல் அப்போது விழுந்தது.

"பிள்ளைக்க கல்யாணம் முடியட்டும்னாக்கும் நான் வாயப் பொத்திட்டு இருந்தேன்" என்றான். "வழி வருமான்னு பாக்க வந்த சம்பந்தக்காரனுக்க ஆளு ரெண்டு பேரு பின்னால இருக்குதது ஒனக்குத் தெரியுமா? அன்னைக்கு அடிச்சது ஒனக்க கோவம் தீர. இன்னைக்குச் சொன்னது ஒனக்க மனசு ஆற. ரெண்டுலயும் அவ எங்க இருக்கா?"

அன்று மதியமே பாலராமபுரத்திலிருந்து போன் வந்தது. எடுத்தது மகள்தான். சரி, சரி என்று இரண்டு முறை சொன்னாள். வைத்துவிட்டு, அவர்களுக்கு வேண்டாமாம் என்று அம்மாவிடம் சொன்னாள். சித்தப்பாவுக்கான சோற்றை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நான் வாசலில்தான் நின்றிருந்தேன். என்னைச் சுற்றிக்கொண்டு போனாள்.