எங்கள் மதிலுக்கு அடியில் இருந்த கால்வாய்

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த பிறகு எல்லாரும் தாம்பரத்தைத் தாண்டி மனை வாங்கினார்கள். நாங்களும் முடிச்சூர் பக்கம் வாங்கி வீடு கட்டினோம். குடியேறிய மூன்றாவது ஐப்பசியில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. மழை விட்டு இரண்டு நாளாகியும் தெருவில் முழங்கால் தண்ணீர். எதிர் வீட்டுத் தையல்கார அக்கா மெஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். தெருவிலேயே பள்ளமான வீடு அவருடையதுதான். முந்தைய இரண்டு மழையில் தையல் மெஷினின் மோட்டார் இரண்டு போயாயிற்று.

"இன்னொரு தபா உள்ள பூந்துச்சுன்னா வூட்ட வித்துட்டு அனகாபுத்தூர்ல எங்கம்மா வூட்டுக்கே போயிடுவேன் டீச்சர். அங்க மட்டும் இன்னா வாழுது, அதுவும் ஆத்தங்கரைலதான் கீது" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நான் புவியியல் டீச்சர். நைல் எங்கே பிறக்கிறது, எங்கே கடலில் சேர்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மட்டும் தெரியாது. வெட்கமாக இருந்தது. மழைத்தண்ணீர் போகிற கால்வாயை யாரோ வளைத்துப் போட்டிருக்கிறார்கள், உடனே அகற்ற வேண்டும் என்று அன்றைக்கே ஒரு மனு எழுதினேன். முதல் கையெழுத்து என்னுடையது. மற்றதை வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கினேன்.

எந்தக் கால்வாய் என்று எழுத வேண்டுமே! அதைக் கேட்க, மெயின் ரோட்டில் சிமெண்டுக் கடை வைத்திருப்பவரிடம் போனேன். எங்கள் நகர் முழுவதும் ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நிலம். மனை போட்டு விற்றதும் அவர்தான், அதில் வீடு கட்டச் செங்கல் விற்றதும் அவர்தான்.

"ஆதனூர்லேர்ந்து பாருங்க டீச்சர்" என்றார். "ஒரு ஏரி ரொம்பி வழிஞ்சா அடுத்த ஏரிக்குப் போவும். அது ரொம்புனா அதுக்கடுத்தது. கடேசில எல்லாம் அடையாத்துல போய் வுழும். உங்க நகரு ரெண்டு ஏரிக்கு நடுவுல கீது. மூணாவது தெரு எங்க நாத்தங்கால். உங்க தெரு கழனி. நெல்லு போட்டு இன்னாத்த கண்டோம்? வித்துட்டோம்." அவருக்கு வருத்தமே இல்லை.

"கால்வாய் எங்க போச்சு?"

"அது எங்க போவும்? அங்கியேதான் கீது."

கிராம நிர்வாக அலுவலகத்தில் பழைய வரைபடத்தின் நகல் கிடைத்தது. கணவரும் நானும் டேப் பிடித்து அளந்தோம். கால்வாய்க் கோடு தெருவைக் கடந்து நேராக எங்கள் காம்பவுண்டுக்குள் நுழைந்தது. துவைக்கிற கல், முருங்கை மரம், சமையலறையின் பின்புறம் என்று போய்ப் பக்கத்து வீட்டு மதிலில் முட்டியது. அவர்கள் தோட்டத்தையும் தாண்டினால் வெட்டவெளி, அப்புறம் ஏரி. "இன்னும் பத்தடி சேர்த்து மதில் எடுத்துக்கலாம்மா, யார் கேக்கப் போறாங்க?" என்று மேஸ்திரி சொன்னபோது சந்தோஷமாகத் தலையாட்டியவள் நான்தான்.

கணவர் டேப்பைச் சுருட்டினார். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. மனுவைக் கிழிச்சுப் போடு. யாருக்கும் தெரியப் போறதில்லை."

கிழித்துவிடலாம் என்றுதான் அன்று சாயங்காலம் முழுக்க நினைத்தேன். பொய் சொல்வானேன்? ஆனால் எதிர் வீட்டில் அந்த அக்கா மூன்றாவது மோட்டாரை மாட்டித் தைத்துக்கொண்டிருந்தார். சத்தம் என் ஜன்னல்வரை கேட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்களை வரவழைத்துத் தெருப்பக்கத்து மதிலை இடித்தேன். முருங்கையை வெட்டி, கல்லைப் புரட்டி, பக்கத்து வீட்டு மதில்வரை பள்ளம் தோண்டினோம்.

பக்கத்து வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்ப்பவர். வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். "லோன் போட்டு வாங்கின இடம், டீச்சர். உங்க சுவரை நீங்க இடிச்சுக்குங்க. என் மதிலைத் தொடாதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் போய்க் கதவைத் தட்டினேன். ஒரு நாள்கூட விடவில்லை.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தெருத் தண்ணீர் வழி தெரிந்ததுபோல் எங்கள் வாசலுக்குள் திரும்பியது. பள்ளம் நிரம்பியது. பக்கத்து வீட்டு மதிலில் முட்டி, போக இடமில்லாமல் எங்கள் சமையலறைக்குள் ஏறியது. எதிர் வீட்டில் இரண்டாவது படிவரை வந்திருந்தது. இன்னும் ஒரு படிதான் பாக்கி.

"மண்மூட்டை போட்டு நம்ம வாசலை அடைச்சிடலாம். நம்ம வீடாவது தப்பிக்கும்" என்றார் கணவர்.

"அடைச்சா அந்த அக்கா வீட்டுக்குள்ளதான் போகும். விடமாட்டேன்."

மழையில் நனைந்துகொண்டே மதிலோரம் போய்க் கத்தினேன். "சார்! எட்டிப் பாருங்க சார்!" அவர் மாடியில் வந்து நின்றார். மிதக்கிற பாத்திரங்களைப் பார்த்தார், என் கணவர் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தார், எதிர் வீட்டுப் படியைப் பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை. கணவரை வாசலுக்குப் போகவிடாமல் குறுக்கே நின்றுகொண்டேன்.

அப்போது மதில் அதிர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து கடப்பாரையின் இன்னொரு இடி விழுந்தது. காரை பெயர்ந்து தண்ணீரில் சிதறியது.

"டீச்சர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "கல்லு உங்க பக்கம் விழும்."