புசல்லாவையில் பார்த்த பந்தாட்டம்

புசல்லாவைக்குப் பந்தாட்டம் பார்க்க அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனதற்கு என்மேல் இருந்த பிரியம்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் காரணம் அம்மா.

அப்போது நாங்கள் மஹய்யாவயில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. அப்பா கண்டி நகரத்தில் ஒரு தையல்கடையில் வேலை பார்த்தார். மஹய்யாவ இளைஞர்களின் பந்தாட்டக் குழுவுக்குச் சிவப்புச் சட்டை தைத்துக் கொடுத்தவர் அவர்தான். வெட்டி மிஞ்சிய துணியில் எனக்கு ஒரு பாவாடையும் தைத்திருந்தார். அவர் காலால் பந்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தச் சட்டைகள் எந்த மைதானத்துக்குப் போனாலும் பின்னாலேயே போவார். குழு வென்றால் சந்தோஷத்துக்காகவும், தோற்றால் துக்கத்துக்காகவும் கூட்டாளிகளோடு தவறணைக்குப் போய்க் கள் குடிப்பார். இரண்டு பக்கமும் சமமாக முடிந்த நாட்களிலும் அவர் நேரத்தோடு வீட்டுக்கு வந்ததாக ஞாபகம் இல்லை.

ஒரு தடவை நெற்றி பிளந்து, சட்டையெல்லாம் ரத்தமாக, விடிந்த பிறகு வந்தார். ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் அடிபட்டுவிட்டது என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னாள். நான் அதை அப்படியே நம்பினேன். பந்தாட்டம் விளையாடுகிறவர்களைவிடப் பார்க்கிறவர்களுக்குத்தான் ஆபத்து என்று பள்ளிக்கூடத்தில் தோழிகளுக்கு விளக்கம்கூடச் சொன்னேன். அந்தக் காயம் ஆறும் முன்பே அப்பா மாதா கோயிலுக்குப் போய், இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். பிறகு தையல்கடை, வீடு, கோயில் என்று சாதுவாக இருந்தார். மைதானத்துப் பக்கமே போகவில்லை. மாலையில் வாசலில் நின்று, தூரத்தில் கேட்கும் கூச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான், புசல்லாவைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து மைதானத்தில் ஆட வரும்படி எங்கள் குழுவுக்கு அழைப்பு வந்தது. அப்பா இரண்டு நாள் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தார்.

"போறதுன்னா பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க," என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "இல்லாட்டி போக வேணாம்."

"பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்னா வேலை?"

"சும்மா பார்க்கட்டுமே. உங்க பிள்ளைதானே?"

விடுமுறை நாளன்று சிவப்புப் பாவாடை கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த பஸ்ஸிலேயே பெண்பிள்ளை நான் ஒருத்திதான். "என்னண்ணே, காவலுக்கு ஆள் கொண்டாந்திருக்கீங்க போல!" என்றார் கூட்டாளிகளில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு நான் காவல் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். கெலிஓயா, கம்பளை எல்லாம் தாண்டி, பஸ் மலையேறத் தொடங்கியதும் என் பெருமை கொஞ்சம் குறைந்தது. வளைவுக்கு வளைவு வயிறு புரண்டது. அப்பா சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, அதில் எலுமிச்சம்பழத்தைச் சுற்றி என் மூக்கருகே பிடித்துக்கொண்டே வந்தார்.

அப்படி ஒரு மைதானத்தை நான் பார்த்ததே இல்லை. மலையை ஒரு பக்கம் செதுக்கி, அந்த மண்ணை மறுபக்கம் கொட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். மேலேயும் தேயிலை, கீழேயும் தேயிலை. துரைமார் கித்தான் பந்தலின் கீழ் பிரம்புக் கதிரைகளில் இருந்தார்கள். பந்து விளிம்பைத் தாண்டி விழுந்துவிட்டால் தேயிலைச் செடிகளுக்குள் உருண்டோடிவிடும். கீழே நிற்கிற ஆட்கள் அதைத் தேடி எறியும்வரை இரண்டு குழுவும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருக்கும். துரைமார் அந்த நேரத்தில் தேநீர் குடித்தார்கள்.

இடம் தெரியாமல் நாங்கள் தோட்டத்துக் கூட்டத்துக்குள் போய் நின்றுவிட்டோம். பக்கத்தில் துருக்கித் தொப்பி வைத்த பருத்த மனிதர் ஒருவர், தேயிலைப் பெட்டி ஒன்றின்மேல் ஏறி நின்று தோட்டத்துக் குழுவுக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். கெலிஓயாவைச் சேர்ந்தவராம். புசல்லாவை பஸாரில் துணிக்கடை வைத்திருந்தார். எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றே அழைத்தார்கள். நான் நுனிக்காலில் எம்புவதைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்.

"இந்தாங்க தம்பி, புள்ளய இதில ஏத்துங்க. பாவம், ஒண்டும் விளங்காம நிக்குது."

நான் ஏறினேன். ஏறியதும், சிவப்புச் சட்டைக்காக என்னால் முடிந்த மட்டும் கத்தினேன். நானா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "யா அல்லாஹ், எதிரிக்கா நான் பெட்டி குடுத்தேன்!" என்றார். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அந்த நெற்றிக் காயத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

முதலில் எங்கள் பக்கம் ஒரு கோல் போட்டது. அப்புறம் அவர்கள் ஒன்று போட்டார்கள். அதன்பின் மேட்டுத் தேயிலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கோல் கம்பங்கள் மறைந்தன, பிறகு ஆட்டக்காரர்களும் மறைந்தார்கள். விசிலும் உதைச் சத்தமும் மட்டும்தான் மிச்சம். திடீரென்று அந்தக் கோடியில் ஒரே ஆரவாரம். "யாரு? யாரு?" என்று இந்தப் பக்கம் கேட்க, மைதானத்து எல்லைக் கயிற்றோரமாக வாய்க்கு வாய் செய்தி வந்தது. எங்களுக்குத்தான் கோல் என்றார்கள். நான் பெட்டிமேல் குதித்து ஆடினேன். ஆடி முடிப்பதற்குள் திருத்தமும் வந்து சேர்ந்தது. கோல் போட்டது தோட்டத்துக் குழு. அதோடு ஆட்டம் முடிந்தது.

"கண்ணால பார்க்காத தோல்விய எப்படித் தாங்கிக்கிறது?" என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல்.

பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. பஸாருக்குப் போகிற வழியில் தவறணை. கூட்டாளிகள் ஒவ்வொருவராக உள்ளே நுழைந்தார்கள். காலையில் என்னைக் காவல் என்று சொன்னவர் திரும்பி வந்து அப்பாவின் தோளைத் தொட்டார்.

"வாங்கண்ணே, இந்தக் குளிருக்கு ஒரு வாய் நனைச்சிட்டு வந்திடுவோம். பிள்ளைக்கு சோடா வாங்கிக் குடுப்போம்."

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். எனக்கோ கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருந்தது. சோடா என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. "வாங்கப்பா, எல்லாரும் போறாங்களே!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. அழத் தொடங்கினேன். இரண்டு கையாலும் இழுத்தேன். அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். இன்னும் ஓர் அடி வைத்தார்.

அப்போது நானா தேயிலைப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அப்பாவைப் பார்த்தார். தவறணை வாசலைப் பார்த்தார். பெட்டியை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"தம்பி, இத ஒரு பக்கம் பிடிங்க. தனியாத் தூக்க ஏலாமக் கிடக்கு."

வெறும் பெட்டி. மைதானத்திலிருந்து அவ்வளவு தூரமும் தனியாகத்தானே தூக்கி வந்தார்? எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொண்டு நடக்க, நான் பின்னாலேயே அழுதுகொண்டு போனேன். கடையில் எங்களை உட்கார வைத்தார். திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி இஞ்சி போட்ட பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் அனுப்பினார். நானா ஆட்டத்தை முதல் உதையிலிருந்து மறுபடி விளையாடிக் காட்டினார். குடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேரமானதும் நல்ல வியாபார நேரத்தில் கடைக் கதவைச் சாத்திவிட்டு எங்களோடு வந்தார். பஸ் நிற்கும் இடத்தில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். கூட்டாளிகள் பாடிக்கொண்டு வந்து ஏறும்வரை எழுந்திருக்கவில்லை.

"அடுத்த முறையும் புள்ளயக் கூட்டிட்டு வாங்க, தம்பி," என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரை அதன்பின் நான் பார்க்கவே இல்லை. பெயரும் தெரியாது. அப்பா அன்றோடு முழுக்கத் திருந்திவிட்டார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். பிறகும் இரண்டொரு முறை சறுக்கினார். ஆனால் நான் கூடப் போன எந்த மைதானத்திலிருந்தும் தள்ளாடி வந்ததில்லை. கோயிலில் முழங்கால் படியிடும்போது அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் பெயரில்லாத ஒருவரையும் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

வீட்டு வாசலில் அம்மா காத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தாள். அவர் கால் கழுவப் பின்பக்கம் போனதும் நான் கோள் சொல்லத் தொடங்கினேன்.

"எல்லாரும் சோடாக் கடைக்குப் போனாங்கம்மா. அப்பா மட்டும் வரவே இல்ல. நான் ரெண்டு கையாலயும் இழுத்தேன்."

"நீ இழுத்தியா?"

"ஆமா. அழுதேன்கூட. அவரு யாரோட பெட்டியையோ தூக்கிட்டுப் போயிட்டாரு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன், கண்ணில் நீர் வழிந்தது. பிறகு சோறு போட்டாள். அப்பாவுக்கு நல்ல ஏச்சு விழப்போகிறது என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். அவளோ வீட்டில் இருந்த ஒரே முட்டையைப் பொரித்து, முழுசாக அவர் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். அப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். தோற்றுவிட்டு வந்தவருக்கு எதற்கு முட்டை என்று எனக்கு விளங்கவே இல்லை.