பொருளடக்கம் முழுக்கப் பிள்ளையார் சுழி

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு எழுதப் பிடிக்கும். எழுதியது என்ன என்று விளக்கி எழுதச் சொன்னால்தான் ஓட்டம் பிடிப்பார்கள்.

இந்தச் சங்கடத்துக்காகவே ஒரு கருவி உண்டு. நிரலுக்கு நடுநடுவே நாம் கிறுக்கி வைக்கும் குறிப்புகளை எல்லாம் பொறுக்கியெடுத்து, பக்கம் பக்கமாக அடுக்கி, விளக்கப் புத்தகம் மாதிரி ஆக்கிக் கொடுத்துவிடும். ஆங்கிலக் குறிப்பு என்றால் சமர்த்தாகச் செய்யும். தமிழ் என்றால் முரண்டு பிடிக்கும். அதை வழிக்குக் கொண்டுவர, கருவியோடு சேர்த்து ஓடும் ஒரு குட்டி நிரலை எழுத வேண்டும். அதற்குப் பெயர் ப்ளகின். திருச்சி தில்லைநகரில் இருக்கும் எங்கள் கிளை அலுவலகத்தில் அந்தப் பாக்கியம் எனக்கு வாய்த்தது. உங்களுக்கும் இப்படி ஏதாவது வாய்த்திருக்கும், மேலே படியுங்கள்.

ஜீயபுரம் பக்கம் அரிசி ஆலைகள் வைத்திருக்கும் மங்கை அம்மாவுக்குப் பல வருடமாக நாங்கள்தான் மென்பொருள் செய்து தருகிறோம். எங்கள் கிளையே அவரை நம்பித்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் அவர், "எது எதுக்கு இருக்குன்னு எங்க ஆளுங்க படிச்சுப் புரிஞ்சுக்கற மாதிரி தமிழ்ல குடுங்க. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அவர் போனால் கிளையை மூடி எல்லோரையும் சென்னைக்கு அழைத்துக்கொள்வதாகத் தலைமை அலுவலகம் அறிவித்தது. என் கணவருக்கு வேலை ஸ்ரீரங்கத்தில். மகள் பத்தாம் வகுப்பு. எனக்குச் சென்னை என்றாலே காய்ச்சல் வரும். ஆகவே பயந்துகொண்டேதான் ஆரம்பித்தேன்.

மிக்ஸி வைத்தியம்

நாங்கள் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில். கீழே வீட்டுக்கார மாமி. "சாயங்காலம் ஏம்மா லேட்டு?" என்று அவர் கேட்டபோது, ப்ளகின் வேலை முடியவில்லை மாமி என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டார். "ப்ளக் போட்டா பொகையறது. செத்த பாரேன்" என்றார்.

நான் செய்வது அந்த ப்ளக் இல்லை என்று விளக்கினேன். ஒன்றில் இன்னொன்றைச் செருகுவதுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்தது. கடைசியில் என் கணவர் திருப்புளியை எடுத்து வந்து சரிசெய்து கொடுத்தார். மாமி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "அவர் பேங்க்ல இருக்கார், ப்ளக் போடறார். நீ ப்ளக் வேலைல இருக்கே, முழிக்கறே."

சம்பந்தி சண்டை

ப்ளகின் எழுதுவது அப்புறம். முதலில் கருவியைக் கணினியில் நிறுவ வேண்டும். நிறுவினேன். கூட இன்னொன்று வேண்டும் என்றது. அதைப் போட்டேன். அது வந்ததும் வராததுமாக, ஏற்கெனவே உள்ளே இருந்த ஒன்றோடு ஒத்துப்போகாது என்றது. பழையதைத் தூக்கினால் வேறு இரண்டு கோபித்துக்கொண்டன. கல்யாண வீட்டில் சம்பந்திகளைச் சமாதானம் செய்கிற மாதிரி நாள் முழுக்க ஒவ்வொன்றாகத் தாஜா செய்தேன். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. அதைப் படித்துப் பிரயோஜனம் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

சாயங்காலம் எதையும் மாற்றாமல், வெறுப்பில் மறுபடி ஒருமுறை ஓட்டினேன். ஓடியது. எப்படி என்று தெரியவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தபோது, பக்கத்து நாற்காலி ராகவன் என் கையைத் தடுத்தார். அவர் ஸ்ரீரங்கத்து வைணவர், நிதானஸ்தர். "ஓடறதோன்னோ? அப்போ ஏன்னு கேக்கப்படாது மேடம். கேட்டா நின்னுடும்."

எழுந்தருளிய தரவுத்தளம்

எங்கள் கிளையில் நிரல் குறிப்புகளைத் தமிழில் எழுதுவது வழக்கம். தலைமை அலுவலகத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. எனவே மனம்விட்டு எழுதலாம். அவரவர் எழுத்தில் அவரவர் வீட்டு வாசனை அடிக்கும். ராகவன் எழுதிய குறிப்புகளை, ஒருவழியாக நான் உருவாக்கிய ப்ளகின் முதன்முதலாகப் பக்கமாக்கிக் காட்டியபோது எனக்குத் தலை சுற்றியது. "அடியேன் இங்கே நெல்லின் எடையைப் பெற்றுக்கொள்கிறேன்" என்று நிரலின் ஒரு துண்டு பேசியது. "தரவுத்தளம் இவ்விடத்தில் எழுந்தருளியிருக்கிறார்" என்றது, கணக்கு விவரமெல்லாம் சேர்த்து வைக்கும் இடத்தைப் பற்றி இன்னொன்று. கடவுச்சொல் தப்பாக வந்தால், "அபராதத்தை க்ஷமித்து மறுபடியும் கேட்கவும்."

படிக்கப் போகிறவர்கள் ரைஸ்மில் ஆட்கள், சாதாரணமாக எழுதுங்கள் என்று கெஞ்சினேன். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து திருத்தினார். திறந்து பார்த்தால், "தரவுத்தளம் இங்கே இருக்கிறார்" என்று இருந்தது. 'இருக்கிறது' என்று போட என்ன கஷ்டம் என்று கேட்டேன். "அத்தனை பேர் நெல்லையும் தாங்கிண்டிருக்கறவரை அஃறிணையா எழுத கை வரமாட்டேங்கறது மேடம்."

உ

முழுப் புத்தகமும் தயாரான அன்று மேலாளர் செந்தில் சாரைக் கூப்பிட்டுப் பெருமையாகப் பொருளடக்கத்தைத் திறந்தேன். முதல் தலைப்பு 'உ'. இரண்டாவது தலைப்பும் 'உ'. உருட்டிக்கொண்டே போனேன். உ, உ, உ. நடுவில் ஓர் இடத்தில் 'ஸ்ரீ:'. அது ராகவன். மறுபடியும் உ, உ.

விஷயம் இதுதான். எங்கள் கிளையில் யார் புதுக்கோப்பு ஆரம்பித்தாலும் முதல் வரியில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் அடுத்த எழுத்து. கருவியோ முதல் வரியைத் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும் ஜாதி. ஒருவருக்கும் இது தோன்றவில்லை. செந்தில் சார் கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார். அவருக்கும் சென்னை போக இஷ்டமில்லை. "சுழியெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கீங்க சுமதி. வேலைய எப்ப ஆரம்பிப்பீங்க?"

தலை போன சொற்கள்

சுழிகளை நிரலிலிருந்தே அழித்துவிடலாம் என்றேன். கை வைக்க மாட்டோம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அழித்து, அன்றைக்குப் பார்த்து சர்வர் படுத்துவிட்டால் பழி யாருக்கு? நியாயம்தான். எனக்கும் தைரியம் இல்லை. ஆகவே, தொடக்கத்தில் வரும் 'உ'வையும் 'ஸ்ரீ'யையும் காட்டாமல் தாண்டிப் போகும்படி ப்ளகினுக்குச் சொன்னேன். எனக்கு என்னமோ மகா புத்திசாலித்தனம் செய்துவிட்ட நினைப்பு.

ப்ளகின் சொன்னதைச் செய்தது, சொல்லாததையும் செய்தது. எந்த வரி 'உ'வில் தொடங்கினாலும் தலையைச் சீவிவிட்டது. அரிசி ஆலையில் 'உ' இல்லாமல் பிழைக்க முடியுமா? 'உமி இருப்பு' என்பது 'மி இருப்பு' ஆனது. உலர்களம் 'லர்களம்' ஆனது. உரிமையாளர் 'ரிமையாளர்' ஆகிவிட்டார். இதையெல்லாம் நான் திருத்திக்கொண்டிருந்தபோது, ராகவன் திரையில் ஓர் இடத்தை விரலால் காட்டினார். 'ஸ்ரீரங்கம் கிடங்கு' என்று இருந்த இடத்தில் 'ரங்கம் கிடங்கு' என்று இருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. "பெருமாள் ஊரையே மரியாதை இல்லாம கூப்பிட வெச்சுட்டேளே மேடம்."

மங்கை அம்மா படித்தார்

தலைப்புகளை எல்லாம் சரிபார்த்துவிட்டேன். உள்ளே இருப்பதைப் படிக்கவில்லை. யார்தான் படிப்பார்கள்? மங்கை அம்மா படித்தார். எங்கள் அலுவலகத்துக்கே வந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சத்தமாகப் படித்தார். "விலை மாற்றும் பகுதி. இதைத் தொட்டால் எடை கெட்டுவிடும். ஏன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்." செந்தில் சார் காபி தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். அடுத்த பக்கம். "அந்தம்மாவிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. கேட்க மாட்டார். எனவே அவர் சொன்னபடியே தப்பாகச் செய்திருக்கிறோம்." அதற்கும் அடுத்த பக்கம். "ஈரப்பதம் திருத்தும் பொத்தான். இது சும்மா. அந்தம்மா கேட்டதற்காக வைத்தது. அழுத்தினால் ஒன்றும் ஆகாது."

ராகவன் கண்ணை மூடிக்கொண்டார். நான் மனதுக்குள் வீட்டைக் காலி செய்து, சாமான்களைச் சென்னை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மகளிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்தது. மங்கை அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இத்தன வருசமா ஃபோன் பண்ணா 'பாத்துட்டிருக்கோம் மேடம்'னு மட்டும்தான் சொல்வீங்க. என்னத்தப் பாத்தீங்கன்னு இன்னிக்குத்தான் தெரியுது. படிச்சா எனக்கே புரியுதே" என்றார். இதில் ஒரு எழுத்தை அழித்தாலும் ஒப்பந்தம் கிடையாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டு, கையெழுத்தும் போட்டார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில், உதவாத அந்தப் பொத்தானை அன்றைக்கே எடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தேன். வாசல்வரை போனவர் பதறிப்போய்த் திரும்பினார். "அத மட்டும் எடுத்துடாதீங்கம்மா. எங்க கணக்குப்பிள்ளை தெனமும் காலைல அத ஒரு அமுக்கு அமுக்கிட்டுத்தான் வேலைய ஆரம்பிக்கறாரு. அது இல்லன்னா அவருக்குக் கையே ஓடாது."

ஆக, யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் நாங்கள் எழுதி வைத்ததை ஒருவர் உட்கார்ந்து படித்த புண்ணியத்தில், என் பிழைப்பு இன்னமும் திருச்சியிலேயே ஓடுகிறது.